அண்ணன் எழுதிய பதினொரு வரி

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு, ஏழாம் வகுப்போடு நின்றுபோன தங்கச்சி எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது கன்னிவாடியில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், பத்தாவது முடித்த கையோடு வேடசந்தூர் நூல் மில்லில் ஆபீஸ் வேலைக்குப் போனார். எங்களைக் கரையேற்றிய பிறகுதான் தனக்குக் கல்யாணம் செய்துகொண்டார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது மைப்பேனாக்கள் மட்டும்தான். கடையில் பேனாவைக் கொடுத்தால் உடனே எழுத மாட்டார். விரலின் மேல் குறுக்கே வைத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். கடைக்காரர், “அண்ணாச்சி, பேனாவ நிறுத்து வாங்குறது நீங்க ஒருத்தர்தான்” என்பாராம்.

நம் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், நிச்சயத்தன்று சபையில் கையால் எழுதும் லக்னப் பத்திரிகையை எழுதுவது அண்ணன்தான். அதில் அடித்தலோ மைக்கறையோ விழுந்தால் ஆகாது என்பார்கள். என் மகளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் இடம் முடிவானபோது, பக்கவாதம் வந்து அண்ணனின் வலது கை பாதிதான் தேறியிருந்தது. “தாய்மாமன் நான்தான் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டார்.

தன்னிடம் இருந்த இரண்டு பேனாவிலும் பத்து நாள் எழுதிப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளை எண்ணினேன். பித்தளைப் பேனா நல்ல கனம். அந்தக் கனமே கையை அமுக்கி நடுக்கத்தை நிறுத்தியது. ஆனால் ஐந்து வரி தாண்டினால் மணிக்கட்டு துவண்டது. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்த கருப்புப் பேனா தடிமன், ஆனால் எடையே இல்லை. கை ஓயவில்லை, நடுக்கம் மட்டும் அப்படியே தாளில் இறங்கியது. மூடியைப் பின்னால் செருகினால் எடை பின்பக்கம் போய், நிப்பு தாளை விட்டு எழும்பியது. எழுத வேண்டியது பதினொரு வரி. சபையில் அடித்தல் விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

அந்தப் பயத்தில்தான் தப்புச் செய்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவை எழுத வரச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் சித்தப்பா தாளைக் கொண்டுபோய் வாத்தியார் முன்னால் வைத்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“தாய்மாமன் இருக்கையில நான் எழுதுறது மொறையில்லைங்க” என்று வாத்தியார் தாளை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் பித்தளைப் பேனாவைத் திறந்தார். முத்து முத்தாக ஐந்து வரி. பிறகு அதை மூடி வைத்துவிட்டுக் கருப்புப் பேனாவை எடுத்தார். மாப்பிள்ளையின் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, நடுவால பேனாவ மாத்தறீங்க? மனசுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க.”

அண்ணன் தலை நிமிராமல், “பேனாவத்தாம்மா மாத்துறேன். பொண்ணு அதேதான்” என்றார்.

முதலில் சிரித்தது அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான். பிறகு சபையே சிரித்தது. நான் மட்டும் நிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் ஆறு வரியும் மெதுவாக ஊர்ந்தன. ஒரு சொட்டு மை சிந்தவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டார். “கடைசி வரி ஆடிருக்கா தாயி?”

“ஆடலண்ணே.”

ஆடித்தான் இருக்கிறது. மகள் வீட்டில் அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாத்தியாரை வரச் சொன்னது யார் என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை. ஏழு மாதத்தில் போய்விட்டார்.

நோயில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், கடைசிக் காரியம் வரை கூட நின்ற எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தாளை அண்ணன் பக்கம் நகர்த்திய வாத்தியார் ஐயாவை உயிருள்ளவரை மறக்க மாட்டேன். அன்று ஒரு சபைக்கு முன்னால் அண்ணனை நம்பாமல் போனேன். அதற்கான மன்னிப்பை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.