அடுப்போரம் வைத்த ஊசிமருந்து

இலங்கையில் கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறேன். ஊரார் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்க்கும் நான், என் மகள் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

அவளுக்கு அப்போது ஏழு மாதம். டாக்டர் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி எழுதித் தந்தார். டவுன் பார்மசிக்காரர் மருந்தை ஐஸ் பிளாஸ்க்கில் வைத்து, "திறக்காம நேரா தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு போ, நங்கி" என்று, தங்கச்சியை அழைப்பதுபோல, சிங்களத்தில் சொன்னார்.

"நாளைக்குப் பிள்ளையைக் கொண்டாறேன், நீங்களே போட்டு விடுங்களேன்" என்றேன்.

"எனக்குப் போடத் தெரியும். ஆனா பார்மசியில ஊசி போடச் சட்டம் விடாதே" என்றார்.

மகளைத் தூக்கிப் போக, எங்கள் வீடு இருக்கும் லயத்துக்கு வந்தேன். இவ்வளவு சில்லென்ற மருந்து பிஞ்சு உடம்பில் இறங்கினால் சளி கட்டுமே என்று பயம். மருந்தை எடுத்து, அவளுடைய கம்பளித் துணியில் சுற்றி, அடுப்போரம் கொஞ்ச நேரம் வைத்தேன்.

டிஸ்பென்சரியில் பெருமையாகச் சொன்னேன்: "குளிர் எடுத்துத்தான் கொண்டாந்தேன், ஐயா."

ஊசியைக் கையில் எடுத்த, அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா அப்படியே கீழே வைத்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. சூடு பட்டா மருந்து கெட்டுப் போயிரும். போட்டிருந்தா, இல்லாத பாதுகாப்பை இருக்குன்னு நம்பிக்கிட்டே இருந்திருப்பீங்க."

ஊசி போடாமலே மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

புது மருந்து வாங்க மறுபடி டவுனுக்குப் போனபோது பார்மசிக்காரர் திட்டவில்லை. "பிரிட்ஜிலிருந்து எடுத்து நானே இங்க போட்டிருந்தா உனக்கு இந்த அலைச்சல் ஏது?" என்று வருத்தப்பட்டார். எனக்கும் அதே ஆதங்கம்தான்.

அன்று மகளையும் அவள் அப்பாவையும் டிஸ்பென்சரி வாசலிலேயே காத்திருக்கச் சொல்லியிருந்தேன்; பஸ்ஸிலிருந்து இறங்கி, பிளாஸ்க்கைத் திறக்காமல் நேரே அங்கே போனேன். இப்போது காம்பராவுக்கு வரும் தாய்மாரிடம் சொல்வதும் ஒன்றுதான்: "பிள்ளையைப் போர்த்துங்க, ஊசிமருந்தைப் போர்த்தாதீங்க."