மிதந்த தொட்டி

ஆசிட் கம்பெனியில் எல்லோரும் அவனை 'டபுள்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வால்வை மூடினாலும் நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்தால்தான் அவனுக்கு மனசு ஆறும். வீட்டிலும் இதே கூத்துதான். கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பமே தெருமுனைக்குப் போன பிறகு, "ஒரு நிமிஷம்" என்று திரும்ப ஓடுவான். "ஆட்டி ஆட்டியே பூட்டை உடைச்சிடப் போறீங்க" என்பாள் மனைவி. இப்பேர்ப்பட்ட ஜாக்கிரதைக்காரன் கையாலேயே அது நடந்ததுதான் கொடுமை.

மழை விடாமல் கொட்டியது. ஆறு கரை உடைக்கும் என்று ஊரே பேசியது. கம்பெனி முற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆசிட் தொட்டிகள், ஃபைபர் கிளாஸில் செய்தவை. இரண்டையும் ஒரே குழாய் இணைத்திருந்தது. வெள்ளம் வருவதற்குள் ஆசிட்டை அப்புறப்படுத்திவிடலாம் என்று டபுள் ஒரு தொட்டியைச் சொட்டு விடாமல் லாரியில் ஏற்றி அனுப்பினான். அடுத்ததற்கு லாரி வருவதற்குள் ரோட்டை மூடிவிட்டார்கள். பாதியாவது போய்ச் சேர்ந்ததே என்று அவனுக்கு நிம்மதி. மேனேஜர்கூட முதுகில் தட்டிக்கொடுத்தார். அடப்பாவி மனுஷா! காலிக் குடம் தண்ணீரில் மிதக்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காலித் தொட்டியும் மிதக்கும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

மறுநாள் காலை மதிலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் மட்டும் மாடியில் கண்ட்ரோல் ரூமில் இருந்தான். கண்ணெதிரே காலித் தொட்டி லேசாக அசைந்தது, அப்புறம் போல்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பியது. எழும்பிய வேகத்தில் குழாயை இழுத்தது. பக்கத்துத் தொட்டியின் அடியில் குழாய் முறிந்து, ஆசிட் பீறிட்டுக்கொண்டு கொட்டியது. வெள்ளைப் புகை கிளம்பித் தண்ணீரோடு ஒட்டினாற்போல் காற்று அடித்த பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம்தான் தொழிலாளர் குடியிருப்பு. அவன் வீடும் அங்கேதான்.

படியில் இறங்கினால் ஆசிட் கலந்த தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் புகை. கையைக் காலைக் கட்டிப் போட்டாற்போல் ஆகிவிட்டது. மனைவிக்குப் போன் போட்டான்.

"ஏங்க, நல்லவேளை கூப்பிட்டீங்க! வாசல்ல படகு வந்திருக்கு. எல்லாருக்கும் இடம் இல்லையாம். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஏறிட்டாங்க. பாப்பாவைக் கொடு, மடியில வெச்சுக்கறேன்னு கை நீட்டறாங்க. கொடுத்துடவா?"

"ஐயோ, கொடுக்காதே! ஆசிட் புகை அங்கதான் வருது. படகு அதுக்குள்ளதான் போகும். கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு, பாப்பாவோட பரண்ல ஏறு. மூக்குல ஈரத்துணி கட்டு."

"தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சுங்க! உள்ளேயே கிடந்து சாகச் சொல்றீங்களா?"

"ஆசிட் தண்ணியில கரைஞ்சா புகை அடங்கிடும். கொஞ்ச நேரம்தான். என்னை நம்பும்மா!"

"அப்போ அக்கா? அவங்க ஏறிட்டாங்களே?"

"அவங்களை விடுடி! பாப்பாவைப் பிடி!"

லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அதே நம்பரைப் போட்டான். கிடைக்கவில்லை. வெளியே புகை ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டது. கதவிடுக்கில் சட்டையை நனைத்துத் திணித்துவிட்டு மூலையில் உட்கார்ந்தான். பரணுக்குத் தண்ணீர் ஏறியிருக்குமோ? புகை உள்ளே போயிருக்குமோ? பெற்ற பிள்ளையை நானே வீட்டுக்குள் அடைத்துக் கொன்றுவிட்டேனோ? சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

சாயங்காலம் அவனையும் ஒரு படகு வந்து ஏற்றிக்கொண்டது. வீட்டுப் பரணில் மனைவியும் மகளும் இருமிக்கொண்டு, ஆனால் உயிரோடு இருந்தார்கள். மகளை வாரி அணைத்துக்கொண்டவன் வெகுநேரம் விடவில்லை. "டபுளா யோசிக்கிறவன்னா சும்மாவா!" என்று தெருவே மெச்சியது. அவனுக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது. படகு புகைக்குள் மாட்டி, தையல்கார அக்காவின் கண்கள் வெந்துபோயிருந்தன.

ஆஸ்பத்திரியில் கண்கட்டோடு படுத்திருந்தாள் அக்கா. பார்வை திரும்புமா என்று டாக்டர்கள் வாய் திறக்கவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்தத் தொட்டியைக் காலி பண்ணினது நான்தான். அதனாலதான் மிதந்து குழாயை உடைச்சிடுச்சு."



"நல்லது நினைச்சுத்தானே செஞ்சே. அதை விடு, தம்பி" என்றாள். "நான் படகுல ஏறிட்டேன்னு உன் பொண்டாட்டி போன்ல உன்கிட்ட சொன்னாளா?"

கட்டில் ஓரத்தில் நின்ற மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொன்னா, அக்கா" என்றான்.