மை வைத்த விரலும் யாரோ போட்ட காபியும்

மை வைத்த விரலை மட்டும் டம்ளரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் காபி குடிப்பாள் பக்கத்துப் போர்ஷன் அக்கா. மை காய்ந்து வெகு நேரம் ஆகியிருக்கும். இருந்தாலும் அப்படித்தான் பிடிப்பாள். ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த போர்ஷன்களில் நாங்கள் குடியிருந்தோம். நான் வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தேன். அக்கா ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் இருவரும் அடுப்பு மூட்ட மாட்டோம். விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு வரிசையில் முதல் ஆட்களாய்ப் போய் நிற்போம். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் என் வயதைப் பார்த்துவிட்டு ரேகைக்காக ஸ்டாம்ப் பேடை நகர்த்துகிறவரிடம், "பேனாவைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, என் பெயரை முழுசாக எழுதிவிட்டுத்தான் நகர்வேன். வெளியே வந்ததும் முக்கில் இருந்த ஹோட்டலில் ஆளுக்கொரு காபி. எங்கள் கை படாமல் யாரோ போட்ட காபி. "சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கான்" என்று குறை சொல்லிக்கொண்டே அக்கா கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "அதைக் கேட்டியானா ரெண்டு காபிக்கும் நீதான்டி காசு குடுக்கணும்" என்பாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னை ஆற்றுக்கு இந்தப் பக்கம் புத்தூருக்கு அழைத்துக்கொண்டான். மூன்றாவது மாடி. அவனும் மருமகளும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனால், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். எதிர்வீட்டுக் கதவும் அப்படியே. ஓட்டை இங்கே மாற்றிவிடலாம் என்று மகன் சொன்னபோதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். "உன் பேர் இங்க இருக்கிற வரைக்கும் நீ வந்துதானே ஆகணும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். அதற்காகத்தான்.

ஒரு பங்குனி மாதக் காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க டீச்சர் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். "நீ இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். சட்டுனு கிளம்பி வா." சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா முந்திக்கொண்டாள். "சொன்னேனே டீச்சர், காவேரிக்குக் குளிக்கப் போயிருக்கான்னு. இதோ வந்துட்டா பாருங்க."

டீச்சர் என் காய்ந்த தலையைப் பார்த்தார். "காவேரில மணல்தானேங்க கிடக்கு. மணல்லயா குளிச்சாங்க?" என்றார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு டீச்சர் பொறுமையாகச் சொன்னார். "வீடு மாறினா ஓட்டு போயிடாதும்மா. மனு ஒண்ணு குடுத்தா இங்க எடுத்துட்டு அங்க சேர்த்துடுவாங்க. ரெண்டு இடத்துல மட்டும் பேர் இருக்கக் கூடாது. எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் ஓட்டு. நீங்களே சொல்லுங்க, இப்ப எங்க இருக்கீங்க?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் கடை நடத்தியும் நேற்றைய மாவை இன்றைய மாவு என்று சொல்லி ஒரு இட்லி விற்றவள் இல்லை நான். "புத்தூர்ல" என்றேன். அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ" என்று குரல் மட்டும் வந்தது.

அதன் பிறகும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். முழங்கால் வலி, மருமகள்கள், விலைவாசி எல்லாம் பேசினோம். ஓட்டுப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அடுத்த தேர்தலில் நான் அங்கே வந்து உன்னோடு காபி குடிப்பேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். தேர்தல் வருவதற்குள் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இந்தத் தடவை புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓட்டு. தலைக்குக் குளித்துவிட்டு விடிந்ததும் போய் நின்றேன். முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துக் கண்ணால் சிரிக்க ஆள் இல்லை. ஸ்ரீரங்கத்துப் பட்டியலில் அக்காவின் பெயரை இன்னும் எடுக்கவில்லை என்று அவள் மகன் சொல்லியிருந்தான். டீச்சரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. போன் செய்து சொல்வதுதான் முறை. கை வரவில்லை. அவர்களாக வந்து கேட்கட்டும்.

திரும்பும் வழியில் ஒரு ஹோட்டல் இருந்தது. தனியாக உள்ளே போய் உட்காரப் பிடிக்கவில்லை. வீட்டில் மகனும் மருமகளும் இன்னும் எழுந்திருக்கவில்லை. நானே காபி போட்டேன். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. பாதி குடித்த பிறகுதான் கவனித்தேன், மை வைத்த விரலை டம்ளரில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தேன்.