சத்தம் போடாத கியர் பாக்ஸ்

என் மகளின் புதுக் காரில், முன் இருக்கைக்கு எதிரே இருக்கும் சிறு அறையைத் திறந்தால், இன்சூரன்ஸ் தாள்களுக்கு மேல் வெள்ளைப் பனியன் துணித் துண்டு ஒன்று மடித்தபடி இருக்கும். அதை வைத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். திருப்பூரில் பனியன் துணி பின்னும் மெஷின்களுக்கு முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். கட்டிங்கில் கழியும் வேஸ்ட் துணியில் கலர்த் துண்டுகளை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்பதை வெள்ளைத் துணிதான் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. கறை படியாத சட்டைப் பை அவருக்கு ஒன்றுகூட இருந்ததில்லை. அவர் மனைவி அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் எனக்கு வேலை. தாராபுரம் சாலையில் ஊரைத் தாண்டி, பஸ் அபூர்வமாக நிற்கும் இடத்தில் வாடகை வீடு. மகளுக்கு நாலு வயது, வீசிங் தொல்லை. ஒருநாள் காலையில் அவளுக்கு மூச்சுத் திணற, பஸ் வராமல், நூல் மூட்டை ஏற்றி வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இன்னும் கால்மணி நேரம் பொறுத்து வந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. அன்றே முடிவு செய்தேன், நான்கு சக்கரத்தில் எது ஓடினாலும் ஒன்றை வாங்கிவிடுவதென்று.

என் கைக்கு எட்டுகிற விலையில் காங்கேயத்தில் ஒரு கார் இருப்பதாகத் தகவல் வந்தது. எண்ணெய் ஆலை வைத்திருந்த பெரியவருடையது. இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், மற்றபடி ஒரு குறையுமில்லை என்றார்கள். மச்சானைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். போனதும் எங்கள் பக்கத்து வழக்கப்படி இலை போட்டுவிட்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். மச்சானோ தண்ணீர்கூடத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. மோர் ஊற்றும் நேரத்தில்தான் புத்தியில் உறைத்தது. இவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இவர்கள் காரை நொட்டை சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் ஆகிவிடாதா? மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிற ஊரில், நான் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டிருந்தேன்.

பிறகு பெரியவரையும் ஏற்றிக்கொண்டு மூவரும் வண்டியில் ஒரு சுற்றுப் போனோம். சொன்னபடியே இரண்டாம் கியர் போட்டதும் நழுவிக்கொண்டது. ஆனால் வண்டி வெண்ணெய் போல ஓடியது, உறுமல் இல்லை, முனகல் இல்லை. எனக்கு அப்போதே அது என் வண்டி. மச்சான் முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. இறங்கியதும் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார்:

"பழைய மெஷினுன்னா சத்தம் போடோணுமுங்க மாப்பிள்ளை. சத்தம் போடுலீன்னா ஆரோ அதும் வாயைப் பொத்தியிருக்கறாங்கன்னு அர்த்தம்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தார். கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, உள்ளே விரலை விட்டு, வெள்ளைத் துண்டில் தேய்த்துக்கொண்டு வந்து நீட்டினார். கறுத்த ஆயிலுக்குள் பழுப்பாகப் பொடிப்பொடியாக இருந்தது. மரத்தூள். தேய்ந்த பல்சக்கரங்களின் சத்தம் வெளியே வராமலிருக்க அடைத்திருக்கிறார்கள். பெரியவர் முகம் வெளிறிவிட்டது. மச்சான் அவரை ஒரு வார்த்தை குத்தவில்லை. "மெக்கானிக்கு உங்களை ஏமாத்திப் போட்டானாட்ட இருக்குதுங்க" என்றார். அவரும் கெட்டியாக அதைப் பிடித்துக்கொண்டார்.

காரியம் கெட்டது என்று நான் கிளம்பத் தயாரானபோது, எந்தப் பாதையில் வண்டி ஓட்டப் போகிறீர்கள் என்று மச்சான் கேட்டார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு என்றேன். எல்லாம் சமதரை. பிரேக், இன்ஜின் இரண்டும் கல்லுப்போல இருக்கின்றன. இரண்டாம் கியர் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனால் போதும், நோவு தெரிந்துபோன பிறகு பயமில்லை என்றார். முதலில் சொன்ன விலையில் பாதிக்கு வண்டி வந்தது. மரத்தூளைக் கழுவி வேறு ஆயில் ஊற்றியபின் அது போட்ட சத்தத்துக்குத் தெரு நாய்கள் நாலு வீடு தள்ளி ஓடின.

மூன்று மாதம் கழிந்து ஒரு மதியம். மகளுக்குக் காலையிலிருந்து இழுப்பு. மருந்து கொடுத்திருந்தோம். சாப்பாட்டு நேரத்துக்குள் விசில் போன்ற அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. தூங்குகிறாள், தேவலையாகிவிட்டது என்று நானும் மனைவியும் நிம்மதியாகத் தட்டு வைத்தோம். அப்போதுதான் வந்திருந்த மச்சான் குழந்தையைத் தூக்கி, மெஷினில் காது வைப்பது போலவே அவள் முதுகில் காதை வைத்தார். நிமிர்ந்ததும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"சத்தமே இல்லீங்க மாப்பிள்ளை. வண்டியை எடுங்க."

ஒன்றிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு. திணறி அலறிக்கொண்டு அந்த வண்டி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இழுக்கிற பிள்ளைக்குச் சத்தம் நின்றால் மூச்சே உள்ளே போகவில்லை என்று பொருள், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார். மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த எண்ணெய்த் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கறுப்பு. அந்த மனிதர் மேல் எனக்கு அன்று வந்த பிரியத்தை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

இப்போது இழுப்பு மச்சானுக்கு. இத்தனை வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நெஞ்சு. மாதம் ஒருமுறை மகள்தான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். கியரே மாற்ற வேண்டாத வண்டி, ஓடுவதே தெரியாது. முதல் நாள் பாதி வழியில் மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சத்தமே இல்லீங்களே கண்ணு."

அவள் சிரிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி பானட்டைத் திறந்துவிட்டாள். மச்சான் இறங்கி, இன்ஜின் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துண்டில் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். தேன் போல இருந்தது. அதற்குள் அவருக்கு இரைக்கத் தொடங்கிவிட்டது. மகள் அவரைத் தாங்கிப் பிடித்து, முதுகில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"வண்டி கெடக்குதுங்க மாமா. உங்களுக்குச் சத்தம் நல்லாக் கேக்குது."

அவர் சரி என்று தலையாட்டினார். ஏறி உட்கார்ந்து, அந்தத் துண்டைக் கறை உள்ளே போகும்படி மடித்து, எதிரே இருந்த அறையில் வைத்து மூடினார்.