ஜப்பான்காரம்மாவுக்குப் பச்சைப் பொத்தான்

மறதி மனிதனுக்குக் கிடைத்த வரம் என்பார்கள். அந்த வரத்தை வைத்துக்கொண்டு ஒரு செயலி செய்து என் போனுக்குள் போட்டவன் மட்டும் என்றைக்காவது மலைப்பாதையில் எதிரே வந்தால், நான் அவனிடம் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

விஷயம் இதுதான். போனில் ஒரு ஜப்பானிய வாக்கியம் ஒலிக்கும். புரிந்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த வாக்கியம் சில நாள் கழித்து வரும். மறுபடி பச்சை என்றால் சில வாரம் கழித்து, பிறகு மாதக்கணக்கில் தலையே காட்டாது. புரியாவிட்டால் சிவப்பு. உடனே திரும்ப வந்து நிற்கும், நாளையும் வரும், நாளை மறுநாளும் வரும். நாம் மறக்கப் போகும் நேரம் பார்த்து நினைவூட்டுவதுதான் இதன் சூட்சுமம் என்று ஆன்லைன் வகுப்பு டீச்சர் சொன்னார். எனக்கு மறக்கப் போகும் நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நான் ஏற்காடு டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸுக்கு உதவியாளராக இருந்தேன். ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை, மொழித் தேர்வில் தேறினால் வேலை நிச்சயம் என்று பயிற்சி நிலையத்தில் சொன்னார்கள். எழுத்து எப்படியோ வந்தது. இலக்கணம் தமிழ் மாதிரியே வினைச்சொல்லைக் கடைசியில் வைத்ததால் அதுவும் பிடிபட்டது. காதுதான் சண்டித்தனம் செய்தது. கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதியில் தவறினால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் மொத்தமும் போச்சு.

அந்தக் கேள்விகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆணும் பெண்ணும் பேசுவார்கள். காகிதத்தை நகல் எடு என்பான் அவன். சரி என்பாள். இல்லை, முதலில் மேனேஜருக்குப் போன் செய் என்பான். மேனேஜர் வெளியே போயிருக்கிறாரே என்பாள். அப்படியானால் நாற்காலியை எடுத்துப் போடு என்பான். நாற்காலியை நேற்றே போட்டுவிட்டேனே என்பாள். கடைசியில் நம்மைப் பார்த்துக் கேட்பார்கள்: அந்தப் பெண் முதலில் என்ன செய்வாள்? நானாக இருந்தால் முதலில் வேலையை விட்டிருப்பேன். அந்தப் பதில் நாலு விடைகளில் ஒன்றாக ஒருநாளும் இருந்ததில்லை.

நானும் அம்மாவும் கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா போன பிறகு நாங்கள் இருவர்தான். அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. டீச்சர் வரம் கொடுத்தாலும் நெட்வொர்க் என்கிற பூசாரி கொடுக்கவேண்டுமே. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையில் மட்டும். மூடுபனி இறங்கினால் அங்கேயும் இல்லை. தேர்வு அறையில் ஸ்பீக்கரில்தான் ஓடும், இயர்போனில் பழகாதே என்று டீச்சர் சொல்லியிருந்ததால், நான் சத்தமாகவே வைத்துக் கேட்பேன். பொத்தானை அமுக்கும்வரை ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படியும் வைத்திருந்தேன். அப்படியாவது மண்டையில் ஏறாதா என்ற நப்பாசைதான்.

பேசுவது ஒரு பெண். நிதானமான, பணிவான குரல். "உடம்பில் எங்காவது வலிக்கிறதா?" "குளித்து முடித்தாயிற்றா?" "இன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டீர்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மா அவளுக்கு ஜப்பான்காரம்மா என்று பெயர் வைத்தாள். லைன் வீட்டுச் சுவர் பேருக்குத்தான் சுவர். அடுத்த வீட்டு அக்கா அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "ஏனுங்க, அந்தம்மா தொண்டை வறண்டு போற மாதிரி கத்துதுங்க, யாராச்சும் என்னன்னு கேளுங்களேன்!"

காலை நேரம்தான் எனக்குப் படிப்பு. பத்து வாக்கியம் முடிவதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது கத்துவார்கள். போனை ஜன்னலிலேயே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவேன். திரும்பி வந்தால் திரை அணைந்திருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். போனைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஓட்டம். டவுனில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கும்வரை ஒன்றும் கேட்க முடியாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவர் அடிக்கிற ஹாரனுக்கு முன்னால் எந்த மொழியும் நிற்காது.

ஆனால் ஒன்று. என்னைப் பாடாய்ப் படுத்திய வாக்கியங்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்தின. அந்த நகல், மேனேஜர், நாற்காலி ரகம் எல்லாம் காணாமல் போயின. காலையில் திறந்தால் ஐந்தாறு வாக்கியம்தான், அதுவும் சுலபமானவை. எனக்கு ஒரே பெருமை. காது திறந்துவிட்டது என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கைதட்டும் படம் ஒன்று அனுப்பினார்.

சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். ஸ்பீக்கரில் முதல் உரையாடல் ஓடியது. ஒரு வார்த்தைகூட முன்பின் பார்த்த முகமாக இல்லை. பக்கத்து மேசைப் பெண் சரசரவென்று வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு போனாள். நான் நாற்காலியா மேனேஜரா என்று சாமியை வேண்டிக்கொண்டு ஏதோ ஒன்றைக் கறுப்பாக்கினேன். முடிவு வந்தபோது மற்றதெல்லாம் தேறியிருந்தது. கேட்டல் மட்டும் போயிருந்தது. மொத்தமும் போச்சு. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று தினமும் சொன்ன செயலி இப்படிக் கழுத்தறுக்கலாமா?

அந்த வாரத்தில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. போன வேகத்தில் காலிக் குடத்தோடு திரும்பினேன். வாசலுக்கு வந்தபோது உள்ளே ஜப்பான்காரம்மாவின் குரல். அதற்குப் பதில் சொல்லும் என் அம்மாவின் குரல்.

"புள்ள ஊட்டுல இல்லீங்க. தண்ணி புடிக்கப் போயிருக்குதுங்க. வந்தவொடனே சொல்றனுங்க."

சொல்லிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். அடுத்த வாக்கியம் ஒலித்தது. "அட, நொம்ப நேரமா கேக்கறீங்க, கோச்சுக்காதீங்க," என்று மறுபடி பச்சை. அடுத்தது. மறுபடி பச்சை. கடைசியில் பாடம் தீர்ந்து போன் அமைதியானதும், விருந்தாளியை வழியனுப்பிய திருப்தியோடு முந்தானையால் திரையைத் துடைத்து வைத்தாள்.

நான் குடத்தைப் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு அக்காகூட "என்னாச்சுங்க?" என்றார்.

"எத்தனை நாளா இதப் பண்ற?"

"எதக் கண்ணு?"

"இந்தப் பச்சைய அமுக்கறது!"

"நீ அந்தண்ட போனா அந்தம்மா கூப்புட்டுட்டே கெடக்குறாங்க, பாவம். நீதான சொல்லிக் குடுத்த? போன் வந்தா பச்சைய அமுக்கு, செவப்ப அமுக்குனா மூஞ்சில அடிச்ச மாதிரி கட் ஆயிரும்ன்னு."

சொல்லிக் கொடுத்தது நானேதான். போன வருஷம் அவளுக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து எடுக்கப் பழக்கியபோது, சிவப்பை அமுக்கி அமுக்கி என் அழைப்பையெல்லாம் அவள் துண்டித்துக்கொண்டிருந்தாள். பச்சை, பச்சை, பச்சை என்று நான் தொண்டை கிழியக் கத்தியது மலைக்கே கேட்டிருக்கும். எனக்கு ஒரு வாக்கியத்தை நாற்பது தடவை சொன்னாலும் ஏறவில்லை. நான் சொன்ன ஒரே பாடம் அவளுக்கு அப்படியே ஏறியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

எனக்குத் தெரியாததையெல்லாம் அம்மா மரியாதையாகப் பேசி, தெரிந்ததாக அனுப்பி வைத்திருக்கிறாள். செயலியைத் திறந்து பார்த்தேன். நகல், மேனேஜர், நாற்காலி எல்லாம் அடுத்த வருஷம் சாவகாசமாக வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அது ஆளில்லை, பதிவு செய்த குரல் என்று விளக்கினேன். ஒரு தடவை அல்ல. கை ஆட்டி, தலையில் அடித்துக்கொண்டு, உன்னால்தான் என் வேலை போச்சு என்றுகூடச் சொன்னேன். அம்மா அன்றைக்குச் சோற்றுக்குக் குழம்பு வைக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு நான் குழாயடிக்குப் போனாலும் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றபடியே ஜப்பான்காரம்மாவுக்குச் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எல்லா வாக்கியத்தையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். வரிசையில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "சப்பான் ராணி வருதுடி" என்றார்கள். அவர்களில் ஒருத்தி மாத்திரை போட்டாயிற்றா என்பதை ஜப்பானிய மொழியிலேயே என்னிடம் கேட்டுக் காட்டினாள். அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கும் சிவப்புதான்.

இரண்டாவது முறை தேறினேன். முடிவு வந்தபோது ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியாமல் அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். பச்சையை அமுக்கி எடுத்தாள். சொன்னேன். கட் ஆகிவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"கேக்குது கண்ணு," என்றாள். "அப்ப போயிருவ."

போவதற்குத்தானே இத்தனை பாடு. ஆனால் அதை அவள் சொல்லிக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சந்தோஷம் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

கிளம்புவதற்கு முந்தைய வாரம் புது போன் வாங்கினேன். பழையது அம்மாவுக்கு. படங்களைத் துடைத்து, தேவையில்லாத செயலிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா மிளகைப் புடைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தம்மாளையும் எடுத்துப் போடறியா?"

"ஆமா. உனக்கு எதுக்கு அது?"

"இருக்கட்டுமே சாமி."

"அம்மா, அது ஆளில்ல. எத்தன தடவ சொல்லியிருக்கறேன்?"

"தெரியும். அப்பவே தெரியும்." முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நீ அந்தண்ட போனா ஊடு கம்முன்னு ஆயிருது. வேலை முடிஞ்சு வந்தா ஒரு பேச்சுக் கொரலு இருக்கட்டும்."

நான் செயலியை விட்டுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. இவள் தினமும் மரியாதையாகப் பச்சையை அமுக்குவாள். ஜப்பான்காரம்மா நாளுக்கு நாள் தள்ளிப் போவாள். இரண்டு மாதத்தில் ஜன்னலில் ஒரு சத்தமும் இருக்காது.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "இங்க பாரு. இந்தம்மாளுக்கு மட்டும் செவப்பு. செவப்ப அமுக்குனாத்தான் திரும்பத் திரும்ப வருவாங்க. பச்சைய அமுக்குனா போயிருவாங்க."

"தெரியலீன்னு சொன்னாத்தான் வருவாங்களா?"

"ஆமா."

அம்மா தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணுமே வெளங்கலீங்க," என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டுச் சிவப்பை அமுக்கினாள். ஜப்பான்காரம்மா உடனே திரும்பி வந்து, உடம்பில் எங்காவது வலிக்கிறதா என்று கேட்டாள். அம்மாவின் முகத்தில் சிரிப்பு. மறுபடி சிவப்பு. மறுபடி அதே கேள்வி. அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ கூப்புடறப்பவும் செவப்ப அமுக்கட்டுமா? நீயும் திரும்பத் திரும்ப வருவியா கண்ணு?"

"அய்யோ, அது கட் ஆயிரும்மா! எனக்குப் பச்சை! உனக்கு எத்தன தடவதாம்மா சொல்றது?"

கத்திவிட்டேன். என் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, அவள் விரலைப் பிடித்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லிக் கொடுத்தேன்.