மாமன் கடை மருந்து

எங்கள் வீட்டில் யாராவது கோதுமைப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்று கேட்டால், முதலில் மருந்துக் கடை மாமா மேல், அப்புறம் வீட்டுக்காரர் மேல் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதல் ஆள் நான்தான்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். பெரும்பகுதி தென்னை, அது வீட்டுக்காரருடையது. அதை ஒட்டிய இரண்டு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. என் அப்பா எனக்கென்று வாங்கிப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. பத்திரத்தில்தான் என் பெயர். அதில் எதை விதைப்பது என்று கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. ஒரு வருஷம் மக்காச்சோளம் என்பார் வீட்டுக்காரர், ஒரு வருஷம் தக்காளி என்பார். நான் களை எடுக்க ஆள் தேடி ஊர் ஊராகப் போன் அடிப்பேன்.

அந்த வருஷம் பக்கத்து நார் மில்லிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தேங்காய் நாரும் நார்த்தூளும் காயப்போட அவர்களுக்குக் களம் போதவில்லையாம். என் இரண்டு ஏக்கரைப் பத்து வருஷக் குத்தகைக்குக் கேட்டார்கள். மேல் மண்ணை வழித்துத் தள்ளி, ரோலர் விட்டு இறுக்கிக் களமாக்குவார்கள். அப்புறம் அதில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. ஆள் பிரச்சினை இல்லை, தண்ணீர் பிரச்சினை இல்லை என்று வீட்டுக்காரருக்கு அது பிடித்துப் போனது. எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் கோயமுத்தூரில் ஒரு விவசாயக் கண்காட்சியில் நம்மூர்ச் சூட்டுக்கும் தாங்கி வருகிற கோதுமை ரகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதை விதைக்கிறேன், ஒரே ஒரு தடவை விடுங்கள் என்று நச்சரித்தேன். பதினெட்டு வருஷத்தில் நான் பிடித்த முதல் பிடிவாதம் அது.

"சரி, ஒரு வெள்ளாமை போட்டுப் பாரு" என்றார் வீட்டுக்காரர். "வந்துச்சுன்னா அந்த ரெண்டு ஏக்கரா இனி உம்பட இஷ்டம். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வரலீன்னா மில்லுக்காரங்களுக்கு எழுதிக் குடுத்துப்போடோணும். அப்பறம் அழுகக் கூடாது."

ஐப்பசியில் விதைத்தோம். பயிர் நன்றாகவே வந்தது, பொய் சொல்லக் கூடாது. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க, இதென்ன பயிருங்க?" என்று கேட்பார்கள். கோதுமை என்றால் சிரிப்பார்கள். "அப்ப சப்பாத்திக்கு எப்ப வாறதுங்க?" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே "மாசி மாசம் வந்துருங்க" என்பேன். அந்த இரண்டு மாசமும் காலையில் எழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் நேராக வயலுக்குத்தான் போவேன். பயிரில் ஒரு வேலையும் இருக்காது. சும்மா பார்க்கப் போவதுதான்.

மார்கழிப் பனி இறங்கியதும் அடி இலைகளில் புள்ளி தெரிந்தது. கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சும் காவியும் கலந்த நிறத்தில். விரலால் தடவினால் மஞ்சள் தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வேரோடு நாலு செடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி விவசாய ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசர் சின்னப் பெண். செடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலில் தேய்த்து, என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"இது துரு நோய்ங்க அக்கா. இலைக்கருகல்னு நினைச்சு கார்பன்டசிம் பொடி எதும் அடிச்சராதீங்க, இதுக்கு அது கேக்காது. புரோபிகோனசோல் எழுதித் தாரேன். லிட்டருக்கு ஒரு மில்லி. ஒரு வாரத்துக்குள்ள அடிச்சுருங்க. மேல் இலைக்கு ஏறிருச்சுன்னா கஷ்டம்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று மருந்துக் கடைகள். ஒன்றின் முன்னால் போய் நின்றேன். கையில் சீட்டு இருந்தது, பர்சில் காசு இருந்தது. உள்ளே போய்ச் சீட்டை நீட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு எல்லா மருந்தும் வாங்குவது மாமா கடையில். வீட்டுக்காரருடைய அத்தையைக் கட்டியவர் அவர். எனக்கு இந்த வரனைக் கொண்டுவந்து, முன்னால் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தவரும் அவர்தான். அவர் கடை இருக்கும்போது வேறு கடையில் மருந்து வாங்குவது எங்கள் சொந்தத்தில் நடக்காத காரியம். வாங்கினால் சண்டைக்கு வர மாட்டார்கள். சண்டை போட்டாலாவது தேவலை. அடுத்த விசேஷத்தில் "வாங்க வாங்க" என்று கும்பிட்டு, முகத்தைப் பார்க்காமலே பந்திக்கு அனுப்பி வைப்பார்கள். வாய் நிறைய ஒரு 'ங்க' போட்டுக்கொண்டே மனிதரை ஒதுக்கி வைக்க எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்காரரே இலையைப் பார்த்துவிட்டு, "மாமா கடைக்குப் போலாம் வா" என்றார். சீட்டைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். வழியில் அவரிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆபீசுக்குப் போன கதை வரும், ஜாக்கெட் கதை வரும். கடையில் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

"வாங்க மாப்ள, வாங்க அம்மிணி. கோதுமைக்காரங்க வந்துட்டாங்கப்பா!" என்றார் மாமா. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அடி இலையெல்லாம் ஒரு மாதிரி செம்பட்டையாப் போச்சுங்க மாமா" என்று வீட்டுக்காரர் செடி இருந்த பையை மேசைமேல் வைத்தார்.

மாமா பையைப் பிரிக்கவே இல்லை. "பாக்கறதுக்கு என்னங்க மாப்ள இருக்குது? பனிக்கு வார கருகல்தான். வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் இதத்தான குடுத்துட்டிருக்கறன். எத்தன டேங்க் ஆகும்?"

கேட்டுக்கொண்டே கை எடுத்து வைத்தது. கார்பன்டசிமும் மேன்கோசெப்பும் கலந்த பொடி. கூடவே புழு மருந்து. பயிரில் ஒரு புழு கிடையாது, இருந்தாலும் புழு மருந்து. அப்புறம் டானிக். பயிருக்கு என்ன நோவு என்றாலும் எங்கள் பக்கம் டானிக் இல்லாமல் கடையை விட்டு வெளியே வர முடியாது. கடைசியாக, மருந்து இலையில் பிடித்து நிற்க ஒட்டுப்பசை. இதற்கு 'செட்டு' என்று பெயர். நோயைச் சொல்ல வேண்டாம், எத்தனை ஸ்ப்ரேயர் டேங்க் என்று சொன்னால் போதும், செட்டு வந்துவிடும்.

என் கைக்குள் சீட்டு வியர்வையில் நனைந்துவிட்டது. பொடிப் பாக்கெட்டின் மேல் கார்பன்டசிம் என்று எழுதியிருப்பதை நான் வாசித்தேன். இதைத்தான் அடிக்காதீர்கள் என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியும், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், சீட்டு கையில் இருக்கிறது. பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதை எடுத்து நீட்டினால், 'மாமா, உங்களுக்கு இது தெரியாது' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வீட்டுக்காரருக்கும் தலைகுனிவு.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மிணி எதோ சொல்ல வாராப்பல இருக்குதே?"

"ஒண்ணுமில்லீங்க மாமா" என்றேன்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுக்குக் காத்திருக்காமல் பேட்டரி ஸ்ப்ரேயரைத் தானே முதுகில் மாட்டிக்கொண்டு, ஒரு வரிசை விடாமல் நனைய நனைய அடித்தார். தோள்பட்டை கன்றிப் போனது. ராத்திரி நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதும் சொல்லவில்லை. ஒருவேளை இந்த மருந்துக்கே நின்றுவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காதே என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமான நம்பிக்கையை நான் அதற்கு முன்னால் வைத்ததில்லை.

நோய் நிற்கவில்லை. பத்தாம் நாள் உச்சியில் இருக்கிற கண்ணாடி இலைக்கு ஏறிவிட்டது. கதிருக்குச் சோறு போடுகிற இலை அதுதான். மடை திருப்பிவிட்டு வரப்பேறிய வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி முழங்கால் வரை துருத்தூள் ஒட்டிக் காவி வேட்டி ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. ஆபீஸ், சீட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். அப்புறம், "அன்னிக்கே கடையில சொல்றதுக்கென்ன உனக்கு?" என்றார். கத்தவில்லை. உடனே அடுத்த பேச்சு: "இப்பப் போயி வேற மருந்து குடுங்கன்னா மாமா என்ன நினைப்பாரு?"

அப்படியும் அவர் போனார், தனியாக. நோய் நிற்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாமா அதைவிட விலை கூடின ஒரு பொடியைக் கொடுத்து அனுப்பினார். வேறு கம்பெனி, வேறு கலர் பாக்கெட், உள்ளே அதே கார்பன்டசிம். நான் ஆபீசருக்குப் போன் போட்டேன். கதிர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டாள். நசுக்கினால் பால் வரவில்லை, மாவாக இருக்கிறது என்றேன்.

"நான் எழுதிக் குடுத்தத அடிச்சீங்களாக்கா?"

"இல்லீங்க."

"மணி மாவு கட்டிருச்சுன்னா இனி எது அடிச்சும் பிரயோஜனமில்லீங்க அக்கா" என்று வைத்துவிட்டாள்.

அறுவடையானது கோதுமையே இல்லை. சீரகம் மாதிரி சூம்பி, சுருங்கி, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருந்தது. வாங்க வந்த வியாபாரி ஒரு பிடியை அள்ளிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வெச்சுருங்க" என்றார். நான் வீம்புக்கு இரண்டு படி அரைத்துச் சப்பாத்தி சுட்டேன். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவர் குறை சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

ஊர் முழுக்கத் தீர்ப்பு ஒன்றுதான்: கோதுமை நம்ம மண்ணுக்கு ஆகாது. மருந்து தப்பு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. மண் தப்பு, பயிர் தப்பு, அதைப் போடச் சொன்ன பொம்பளை தப்பு. வைகாசியில் மில்லுக்காரர்கள் பத்திரத்தோடு வந்தார்கள். நிலம் என் பெயரில் இருப்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்துதான் வேண்டும். போட்டுக் கொடுத்தேன். ரோலர் வந்த அன்றைக்கு நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இப்போது காற்றடித்தால் நார்த்தூள் அடுப்பங்கரை வரைக்கும் வருகிறது.

அடுத்த மார்கழியில் தென்னைக்கு வெள்ளை ஈ விழுந்தது. அதற்கு மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்க மாமா கடைக்குப் போயிருந்தோம். வண்டி நிறுத்த இடமில்லை என்று வீட்டுக்காரர் ரோட்டிலேயே நின்றுகொண்டார். எனக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். போன வருஷம் என் வயலைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு ஏக்கர் கோதுமை போட்டிருக்கிறாராம். போனைப் பார்த்து, சத்தமாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "புரோபிகோனசோல் குடுங்க. வேற எதும் வேண்டாங்க, டானிக்கும் வேண்டாங்க" என்றார்.

மாமாவுக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. "அதுக்கென்னுங்க" என்று திரும்பி, தன் தலைக்கு நேராக இருந்த அலமாரியிலிருந்து எடுத்து வைத்தார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டு போனார்.

நான் அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா கவனித்துவிட்டார். "இதெல்லாம் எப்பவும் நம்ம கடையில ஸ்டாக் இருக்குமுங்க அம்மிணி" என்றார். குரலில் குத்தல் இல்லை, நிஜமான பிரியம்தான் இருந்தது. "போன வருசம் நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னிக்கே எடுத்துக் குடுத்திருப்பனேங்க."

ஒட்டுத்தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன். "இத்தன நேரம் மாமா என்ன சொல்லிட்டிருந்தாரு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"சௌக்கியமான்னு கேட்டாருங்க" என்றேன்.