கீரைக்காரி கூட்டிவைத்த நிலம்

சிறு விவசாயிகளின் நிலம் வீட்டுமனை ஆகாமல் காக்க நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்ததும், முதல் ஆளாக மனு கொடுத்தவள் கீரைக்காரி. புருஷன் போனபின் இருபது வருஷம் அவளுக்குச் சோறு போட்ட அரை ஏக்கர் அது. அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், விருந்தாளிக்கு வீடு கூட்டுவதுபோல, நின்ற கீரையையெல்லாம் பிடுங்கி, மண்ணைக் கொத்திச் சமன்படுத்தி வைத்தாள்.

அதிகாரி திகைத்துப்போனார். "பயிர் நிக்கிற நிலத்தைத்தாம்மா சேர்க்க முடியும். இது வெறும் தரையால்ல கிடக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுதான் சார் சுத்தம் பண்ணேன். இருபது நாள் பொறுங்க, தளதளன்னு வந்துடும்."

திட்டத்தில் நிலம் சேர்க்கும் பட்டியல் அன்றோடு முடிகிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் சமன்படுத்திய மண் கலையாதபடி வரப்போரமாகவே நடந்து போனார்.